உதவி: கூம்பு தோண்டிய உருளை, திணிவு மையம் 17ஆ 19ஆ? கவிழ்வது எப்போது?

மூதூர் மாணவி

வணக்கம். இந்த முறை உயர்தரம் எழுதுகிறேன். இணைந்த கணிதம் இரண்டாம் தாளில் திணிவு மையம் வழமையாக 16ஆம் வினாவாக வரும். இவ்வளவு நாளும் அதைத் தொடாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். 150 புள்ளி, இனி விட்டுவிட ஏலாது. பேப்பர் கிளாஸுக்கு டவுனுக்கு வந்து போகிறேன், ஆனால் அங்கே இருக்கிற கூட்டத்தில் கை உயர்த்திக் கேட்க முடிவதில்லை.

கணக்கு இதுதான். சீரான திண்ம உருளை, ஆரை 20 செ.மீ., உயரம் 40 செ.மீ. மேல் முகத்தையே அடியாகக் கொண்ட, 20 செ.மீ. ஆழமான கூம்பு ஒன்று அதிலிருந்து தோண்டி எடுக்கப்படுகிறது.

(அ) மீதியின் திணிவு மையம் கீழ் முகத்திலிருந்து 17 செ.மீ. உயரத்தில் எனக் காட்டுக.
(ஆ) கீழ் முகம் படும்படி கரடான சாய்தளத்தில் வைத்துச் சாய்வை மெல்லக் கூட்டும்போது, வழுக்க முன்னர் கவிழ வேண்டுமாயின் உராய்வுக் குணகம் எவ்வளவாக இருக்க வேண்டும்?
(இ) கிடையான கரட்டுத் தரையில் வைத்து மேல் விளிம்பில் கிடையாகத் தள்ளினால்?

(அ)வில் எனக்கு 19 வருகிறது. கூம்பின் திணிவு 1 என்றால் உருளை 6, மீதி 5. 6×20 − 1×25 = 95, ஐந்தால் வகுக்க 19. மீதி 20க்குக் கீழேதானே வர வேண்டும், வந்திருக்கிறது, பிறகு எங்கே பிழை?

(இ) அதைவிட மோசம். செவ்வன் மறுதாக்கத்தை (தரை உருளையை நேர் மேலே தாங்கும் விசை) அடியின் நடுவில் போட்டு, அந்த நடுப் புள்ளி பற்றித் திருப்பம் (விசை × செங்குத்துத் தூரம்) எடுத்தால் தள்ளுவிசை × 40 = 0 என்று வருகிறது. அப்படியென்றால் தள்ளவே முடியாதா?

தம்பலகாமம்

25 எங்கிருந்து வந்தது? கூம்பின் திணிவு மையம் அடியிலிருந்து உயரத்தின் காற்பங்கு, உச்சியிலிருந்து முக்காற்பங்கு. நீங்கள் மாற்றி எடுத்திருக்கிறீர்கள். அடி மேலே இருக்கிறது. ஆகவே மேலிருந்து 5 செ.மீ. கீழே, அதாவது 35. 120 − 35 = 85, ஐந்தால் வகுக்க 17. அவ்வளவுதான்.

உப்புவெளி

தம்பலகாமம் சொன்னது சரி. கூம்பில் எந்தப் பக்கம் காற்பங்கு என்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம். அடிப் பக்கம்தான் தடிப்பு, பாரம் அங்கேதான் கூடுதல், எனவே மையம் அடிக்குக் கிட்டத்தான் இருக்கும். உச்சியிலிருந்து வெட்டுமுகப் பரப்பு தூரத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று எழுதித் தொகையிட்டால் இரண்டு வரியில் முக்காற்பங்கு வந்துவிடும். வினாவில் அதை நிறுவச் சொல்லியும் கேட்பார்கள், பழகி வையுங்கள்.

விடை 20க்குக் கீழே வருகிறதா என்று பார்த்தது நல்ல பழக்கம். ஆனால் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டால்தான் அந்தச் சோதனை பிடித்துத் தரும், அப்போது 22க்கு மேலே போயிருக்கும். 19க்கும் 17க்கும் வித்தியாசம் காட்ட அதனால் முடியாது. படத்தில் கூம்பின் மையத்துக்கு ஒரு புள்ளி குத்திவிட்டு, அதன் உயரத்தைப் பக்கத்தில் எழுதிய பிறகு சமன்பாட்டுக்குப் போங்கள்.

இப்போது (இ). உங்களுக்கு உண்மையான சிக்கல் இங்கேதான். மறுதாக்கம் அடியின் நடுவில் தாக்கும் என்று யார் சொன்னது? தள்ளாமல் வைத்திருக்கும்போது மட்டும்தான் அது நடுவில். தள்ளத் தொடங்கினால் தள்ளும் திசையில் நகரும். நடுவிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பது தெரியாக்கணியம். நடுப் புள்ளி பற்றித் திருப்பம் எடுங்கள்: தள்ளுவிசை × 40 = மறுதாக்கம் × நகர்ந்த தூரம். நிலைக்குத்தாக மறுதாக்கமும் நிறையும் சமன். தள்ளுவிசை கூடக் கூட அந்தத் தூரமும் கூடும். ஆனால் 20க்கு மேலே போக இடமில்லை, அங்கே விளிம்பு முடிகிறது. 20ஐத் தொடும் கணம்தான் கவிழத் தொடங்கும் கணம். அப்போது தள்ளுவிசை நிறையில் பாதி.

வழுக்கத் தொடங்குவது தள்ளுவிசை = உராய்வுக் குணகம் × நிறை ஆகும்போது. எது சிறிய விசையில் நடக்கிறதோ அதுதான் முதலில். ஆக உராய்வுக் குணகம் ½ஐவிடக் கூடினால் கவிழும், குறைந்தால் வழுக்கும்.

(ஆ)வும் இதே கதைதான். சாய்தளத்தில் நிறையும் தளத்தின் தாக்கமும் மட்டுமே. எனவே மறுதாக்கமும் உராய்வும் சேர்ந்த விளையுள் திணிவு மையத்துக்கு நேர் கீழே தளத்தைத் தொடும் புள்ளியில் தாக்கியே ஆக வேண்டும். அது நடுவிலிருந்து தளம் வழியே கீழ்நோக்கி 17 × சாய்வின் தாஞ்சன். இது 20 ஆகும்போது தாஞ்சன் 20/17, கோணம் ஏறத்தாழ 49.6 பாகை. வழுக்குவது தாஞ்சன் உராய்வுக் குணகத்துக்குச் சமனாகும்போது. ஆக குணகம் 20/17ஐவிடக் கூட வேண்டும். மரத்துக்கு மரம் அவ்வளவு உராய்வு கிடைக்காது, நிசத்தில் இந்தச் சாமான் வழுக்கித்தான் போகும். சோதனை மண்டபத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மூதூர் மாணவி

மிகவும் நன்றி சேர். (அ), (ஆ) இரண்டும் விளங்கிவிட்டன. (இ)யில் ஒரு சந்தேகம். 17ஐ நாங்கள் பாவிக்கவே இல்லையே? திணிவு மையம் மேலே இருந்தால் கெதியாகக் கவிழும் என்றுதானே சொல்வார்கள்?

கிண்ணியா நானா

நான் கணக்குப் படித்தவன் இல்லை, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிறவன். அலுமாரியைத் தலைப்பக்கம் பிடித்துத் தள்ளினால் சரியும், இடுப்புக்குக் கீழே தள்ளினால் இழுபட்டு நகரும். எங்கே கை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம். சீமெந்துத் தரையில் சொரசொரப்பு என்றால் இன்னும் கீழே குனிய வேண்டும். சேர், இது கணக்கில் வருமா?

உப்புவெளி

அப்படியே வரும் நானா. 40க்குப் பதிலாக நீங்கள் கை வைக்கும் உயரத்தைப் போடுங்கள். உயரம் × தள்ளுவிசை = நிறை × 20. வழுக்கும் விசையை இதில் இட்டால், எல்லை உயரம் 20ஐ உராய்வுக் குணகத்தால் வகுத்தது. குணகம் 0.8 என்றால் 25 செ.மீ., அதற்கு மேலே தள்ளினால் கவிழும். குணகம் 0.4 என்றால் எல்லை 50 வருகிறது, சாமானோ 40தான் உயரம், எங்கே பிடித்துத் தள்ளினாலும் கவிழாது. தரை சொரசொரப்பானால் குனிய வேண்டும் என்றீர்களே, அதுதான் இது.

தங்கச்சி, 17 ஏன் வரவில்லை என்றால்: தரை கிடை, உருளை இன்னும் கிளம்பவில்லை. நிறையின் கோடு நிலைக்குத்து. மையம் 5 செ.மீ.யில் இருந்தாலும் 35இல் இருந்தாலும் அந்தக் கோடு விளிம்பிலிருந்து 20 செ.மீ. தூரத்தில்தான் போகும். கிளப்பத் தேவையான விசைக்கு உயரம் சம்பந்தமில்லை. கிளப்பிய பிறகு எவ்வளவு தூரம் சரித்தால் கையை எடுத்தாலும் தானாக விழும் என்பதில்தான் 17 வருகிறது. மையம் விளிம்புக்கு நேர் மேலே வரும்வரை சரிக்க வேண்டும். அது (ஆ)வில் கண்ட அதே 49.6 பாகை. மையம் மேலே இருந்தால் அந்தக் கோணம் சிறியது, நீங்கள் கேள்விப்பட்டது அதுதான்.

தம்பலகாமம்

இடையில் ஒரு கேள்வி. கூம்பை அடிவரை, முழு 40 செ.மீ.க்கும் தோண்டிப் பார்த்தேன். திணிவு 3, 1, மீதி 2. 60 − 30 = 30, பாதி 15. ஆனால் அச்சில் 15 செ.மீ. உயரத்தில் பொருளே இல்லை, வெறும் பள்ளம். பிழையா?

உப்புவெளி

பிழை இல்லை. திணிவு மையம் பொருளுக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, வளையத்துக்கும் அப்படித்தான்.

கிண்ணியா நானா

அப்ப தோணிக்கும் இதுதானா? தோணியில் ஆள் எழும்பி நின்றால் ஆட்டம் போடுகிறதே.

உப்புவெளி

தோணிக்கு விளிம்பு என்று ஒன்று இல்லை நானா. சரியும்போது நீரின் மேலுதைப்பு தாக்கும் புள்ளி தானே பக்கவாட்டில் நகர்ந்து தோணியை நிமிர்த்தப் பார்க்கும். ஆள் எழும்பினால் திணிவு மையம் உயர்ந்து அந்த நிமிர்த்தும் திருப்பம் குறையும். பிரான்சின் பூகே என்பவர் 1746இல் இதைக் கணக்காக்கி எழுதினார். பாடத்திட்டத்தில் இல்லை, தங்கச்சி இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மூதூர் மாணவி

கடைசி ஒன்று சேர். அதே உடலை மேல் விளிம்பிலுள்ள ஒரு புள்ளியில் கட்டித் தொங்கவிட்டால் அச்சு நிலைக்குத்தோடு ஆக்கும் கோணம் கேட்டிருக்கிறது.

உப்புவெளி

தொங்கும் புள்ளியும் திணிவு மையமும் ஒரே நிலைக்குத்தில். மேல் முகத்திலிருந்து மையம் 40 − 17 = 23 செ.மீ. கீழே, புள்ளி அச்சிலிருந்து 20 செ.மீ. வெளியே. தாஞ்சன் 20/23, ஏறத்தாழ 41 பாகை. தலைகீழாகச் சாய்தளத்தில் வைத்தால் கவிழும் கோணமும் இதுவே, முக்கோணம் அதேதான். இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து பாருங்கள்.