கும்மியில் கணக்கு இல்லையாம்!

காங்கேயத்தான்: "மாணவர்களுக்கு நடனக் கல்வி என்றால் பரதம்தான். கும்மி வெறும் கைதட்டல், அதில் தாளக் கணக்கு இல்லை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். மனசு ஆறவில்லை. எங்கள் மாரியம்மன் கோயில் திடலுக்கு ராத்திரி 7 மணிக்கு வந்து பாருங்கள். 50 பிள்ளைகள் வட்டம் கட்டி ஆடும்போது ஒருத்தி அரை அடி பிந்தினால் பின்னால் வருகிறவள் முட்டிக்கொள்வாள். கணக்கு இல்லாமலா?

ஆர்.எஸ்.புரம் அம்மா: எழுதியது நான்தான். தாளத்தை எண்ணுவதில் ஐந்து வகை உண்டு: திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. என் மகள் பரதத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளை மூன்று வேகத்திலும் தட்டுகிறாள். கும்மியில் 7 எங்கே, 9 எங்கே?

காங்கேயத்தான்: 9 வரை போனால்தான் கணக்கா? 2024இல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் ஐயா நம் கோவைப் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர். ஆண்களே ஆடிவந்த கும்மியில் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்தவர். கணக்கில்லாத ஆட்டத்துக்கா பத்மஸ்ரீ?

ஆர்.எஸ்.புரம் அம்மா: விருதைக் கேட்கவில்லை. 7 எங்கே?

கோபி டீச்சர்: கணக்கை விடுங்களேன். என் வகுப்பில் வாயே திறக்காத பையன் போன வருஷம் கலைத் திருவிழாவில் ஒயிலாட்டம் ஆடினான். கைத்துணியை வீசிக்கொண்டு முன்வரிசையில் நின்றான். இப்போது வருகைப்பதிவில் அவன் சொல்லும் "உள்ளேன் டீச்சர்" வராந்தா வரை கேட்கிறது.

காங்கேயத்தான்: அதுவும் கணக்குதானுங்க டீச்சர்! எந்தத் தட்டுக்குத் துணியை வீசுவது என்று தெரியாமல் முன்வரிசையில் நிற்க முடியுமா? கும்மியில் ஆசிரியர் பாட, பிள்ளைகள் வாங்கிப் பாடிக்கொண்டே ஆட வேண்டும். வாய்க்கு ஒரு கணக்கு, காலுக்கு ஒரு கணக்கு. வள்ளி கதை முழுக்க மனப்பாடம். மாதக்கணக்கில் பழகித்தான் அரங்கேற்றம்.

பவானிக்கரை: ஈரோட்டுக் கம்பத்தாட்டத்தை ஒருவரும் சொல்லவில்லை. பெரிய மாரியம்மன் கம்பத்தைச் சுற்றி ஆடிப் பழகியவர்கள் நாங்கள். எங்களுக்கு எந்த ஆசிரியர்?

காங்கேயத்தான்: போன தைப்பூசத்தில் எங்கள் ஊர்க் காவடியாட்டத்தைக் குறை சொன்னவர்தானே நீங்கள்? அதை நான் மறக்கவில்லை.

பவானிக்கரை: இன்னும் சொல்வேன். உங்கள் ஊரில் காவடியைத் தோளில் சுமக்கிறார்கள், ஆடவில்லை.

கோபி டீச்சர்: பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்தோமுங்க.

காங்கேயத்தான்: பவானிக்காரருக்கு அப்புறம் பதில் சொல்கிறேன். அம்மா, ஞாயிறு மாலை மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வட்டத்தில் ஒரு பாட்டுக்கு நிற்கட்டும். முட்டாமல் சுற்றி வந்தால் பேசலாம்.

ஆர்.எஸ்.புரம் அம்மா: ஞாயிறு அவளுக்கு வகுப்பு. 7 எங்கே என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.