அரசியலில் எதிரெதிர் அணி, ஆனால் பேச்சு முறியக் கூடாது: உங்களுக்குக் கைகொடுத்த வழிகளைச் சொல்லுங்கள்

குழு உரையாடல் நடத்துபவர்:

அரசியலே பேசாமல் இருப்பதும் ஒரு வழிதான். ஒரே வீட்டில், ஒரே அலுவலகத்தில் இருப்பவர்களால் அப்படி எத்தனை நாள் தள்ள முடியும்? அதனால் எது வேலை செய்கிறது, எது சொதப்புகிறது என்று மட்டும் எழுதுவோம். சொந்தக் கதை வேண்டாம், செய்முறை போதும்.

நான் முதலில் வைப்பது, திருப்பிச் சொல்வது. மறுத்துப் பேசும் முன் எதிராளி சொன்னதை உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அனடோல் ரப்போபோர்ட் என்ற கணிதவியலாளரின் பெயரில் வழங்கும் விதி இது. கேட்டதும் அவர் "அதேதான்" என்று சொன்னால்தான் உங்கள் முறை வரும். "கிட்டத்தட்ட" என்றாலோ, "அப்படியில்லை" என்றாலோ மறுபடி முயற்சி செய்யுங்கள்.

உதவித்தொகைத் திட்டம் வீண் என்று ஒருவர் சொல்கிறார் என வையுங்கள். "அப்போ ஏழைங்க எக்கேடு கெட்டாலும் பரவாயில்லைங்கறீங்க" என்பது திருப்பிச் சொல்வது ஆகாது, குத்திக் காட்டுவது. "உழைச்சுக் கட்டின வரி கணக்கில்லாம போகுதேன்னு ஆதங்கப்படறீங்க. கொடுக்கவே கூடாதுன்னு சொல்லலை, தேவைப்படறவங்களுக்குத்தான் போகுதான்னு பார்க்கணும்கறீங்க. சரியா?" என்று கேளுங்கள். அந்த "சரியா"வை விட்டுவிட்டால், அவருக்குத் தீர்ப்புச் சொல்வது போல ஆகிவிடும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

கொஞ்சம் பழகிய பிறகு இன்னொரு கேள்வி உதவும்: "உங்க தரப்பில் உங்களுக்கே உடன்பாடு இல்லாதது எது?" முதலில் உங்கள் தரப்பின் குறையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். முந்திக்கொண்டு அவரிடம் கேட்டால் குறுக்கு விசாரணை போல இருக்கும்.

வீடு வீடாகப் போய்ப் பேசுபவர்:

வாசலில் நின்று புள்ளிவிவரம் அடுக்குவதால் பெரிய பலன் இருப்பதில்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மியாமியில் திருநர் உரிமைகள் பற்றி வாக்காளர்களிடம் சுமார் 10 நிமிடம் மனம்விட்டுப் பேசியதில், அவர்களது ஒவ்வாமை சற்றுக் குறைந்தது. அந்த மாற்றம் 3 மாதம் கழித்தும் தெரிந்தது. டேவிட் புரூக்மன், ஜோஷ்வா கல்லா இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இது. இதே போல ஒன்றைச் சொன்ன 2014ஆம் ஆண்டுக் கட்டுரையின் தரவு நம்பத்தக்கதல்ல என்று அம்பலப்படுத்தியதும் இவர்கள்தான். அந்தக் கட்டுரை 2015இல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் இவர்கள் சொல்வதை நான் கொஞ்சம் நம்பிக் கேட்பேன்.

வரிசை இப்படி. 0 (முழு எதிர்ப்பு) முதல் 10 (முழு ஆதரவு) வரை எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பது. எண் எதுவானாலும் முகம் சுளிக்காமல், ஏன் அந்த எண் என்று கேட்பது. பிறகு இந்த விஷயம் அவரையோ அவருக்கு வேண்டியவரையோ எப்போதாவது தொட்டதா என்று கேட்டு, வாயை மூடிக்கொள்வது. அவர் சொல்லி முடித்ததும் உங்கள் பக்கத்திலிருந்து ஒன்று. கடைசியில் மறுபடி எண். அதே ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட சோதனைகளில், அனுபவப் பரிமாற்றத்தை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் வைத்தபோது பலன் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. எண்ணை ஏற்றுவதே குறி என்றால் எதிரில் இருப்பவர் அரை நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடுவார். எண் நகராமலே முடியும் பேச்சுதான் அதிகம். அதற்காக முகம் வாடினால் போச்சு.

குடும்ப நல ஆலோசகர்:

மேலே சொன்னதெல்லாம் உடம்பு அமைதியாக இருக்கும்போதுதான் நடக்கும். உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளை ஆராய்ந்து சொன்னது இது: சச்சரவில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால், காதில் விழுவதைச் சரியாக வாங்கிக்கொள்ள முடியாது. இறங்க 20 நிமிடமாவது வேண்டும். அரசியல் சண்டைக்கும் இதையே பயன்படுத்தலாம். மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணுங்கள். 25ஐத் தாண்டினால் நிறுத்துங்கள்.

நிறுத்தும் விதம் முக்கியம். "உங்ககிட்ட பேசி பிரயோஜனமில்லை" என்று எழுந்து போவது அவமதிப்பு. "எனக்குச் சூடேறுது, அரை மணி நேரம் கழிச்சுத் தொடரலாமா" என்று உங்கள் மேல் போட்டுக்கொண்டு, திரும்பும் நேரத்தையும் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். இடைவேளையில் அடுத்த பதிலை மனசுக்குள் ஒத்திகை பார்த்தால் சூடு இறங்காது. நடந்துவிட்டு வாருங்கள், பாத்திரம் கழுவுங்கள், ஏதாவது.

வாட்ஸ்அப் குழு அட்மின்:

சொந்தக்காரர்கள் உள்ள குழுவில் ஒருவர் பொய்ச் செய்தியை ஃபார்வர்டு செய்தால், அதே இடத்தில் திருத்தாதீங்க. அம்பது பேர் பார்க்கிறாங்கன்னா அது மானப் பிரச்சினை ஆயிடும். உண்மை தெரிஞ்சாலும் பின்வாங்க மாட்டார். தனியா மெசேஜ் போடுங்க: "மாமா, நீங்க அனுப்பினது பழைய படம்னு தோணுது, கொஞ்சம் பார்க்கறீங்களா?" அவரே டெலிட் பண்ணிட்டா, குழுவில் அதைப் பத்தி மூச்சு விடாதீங்க. யாரையாவது உடனே ஆபத்தில் தள்ளுற வதந்தின்னா மட்டும் விதிவிலக்கு. குழுவிலேயே "இது தவறான தகவல்"னு ஒரே வரி, அனுப்பினவர் பேர் சொல்லாமல்.

முடிஞ்சா டைப் பண்ணாம போன் போடுங்க. ஒவ்வாத கருத்தை எழுத்தில் படிக்கும்போது அதைச் சொன்னவர் மேல வர்ற இளக்காரம், அதையே அவர் குரலில் கேட்டா குறையுதுன்னு 2017ல் ஒரு உளவியல் ஆய்வு வந்திருக்கு.

வரலாற்று வாசகர்:

ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் "குலக்கல்வி" என்று சொல்லிப் பெரியார் மூர்க்கமாக எதிர்த்தார். 1954இல் ராஜாஜி பதவியே விலகினார். இருவரின் நட்பும் அதில் முறியவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்து அழுதார். இருவருமே கொள்கையில் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

குழு உரையாடல் நடத்துபவர்:

அருமையான உதாரணம், ஆனால் அது சம பலம் உள்ள இருவரின் நட்பு. விவாதப் பொருளே உங்கள் பிறப்பு, உங்கள் உரிமை என்றால் பொறுமை காக்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில் விழக் கூடாது. கருத்தைக் கேட்கலாம், வசவைக் கேட்க வேண்டியதில்லை. "சட்டத்தைப் பத்திப் பேசலாம், எங்க ஆளுங்களைப் பத்தி இப்படிப் பேசினா நான் கிளம்பிடுவேன்" என்று ஒருமுறை, குரல் உயர்த்தாமல். மறுபடி நடந்தால் கிளம்பிவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை கொடுத்தால் முதல் எச்சரிக்கைக்கு மதிப்பில்லை.

உறவை விட்டுவிட மனமில்லையென்றால், ஓரிரு நாளில் அரசியலுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டு நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்: உடம்பு எப்படி இருக்கு, பையன் பரீட்சை எப்படி எழுதினான். மன்னிப்புக் கேட்பதானால் அதில் "ஆனால்" வரக் கூடாது. பழைய விவாதத்தின் லிங்கையும் சேர்த்து அனுப்பாதீர்கள்.