ஓபிஎஸ்: மின்விசிறிச் சத்தத்தைக் குறைக்கப் போனால் சொல்லின் கடைசி எழுத்தும் சேர்ந்து போகிறது. உதவி தேவை

தமிழ் டீச்சர்:
வணக்கம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடங்களை வீட்டிலிருந்தே வாசித்து ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் வீடியோவாகப் பதிவு செய்கிறேன். யூஎஸ்பி மைக். தலைக்கு மேலே மின்விசிறி. இந்த வெயிலில் அதை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேச முடியாது.

குரல் ஏற்ற இறக்கமில்லாமல் கேட்கட்டும் என்று முதலில் கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அமுக்கும் ஃபில்டர்) போட்டிருக்கிறேன்: 4:1, த்ரெஷோல்ட் (அது வேலை செய்யத் தொடங்கும் அளவு) -18, அவுட்புட் கெயின் (கடைசியில் கூட்டும் ஒலி) 12 டெசிபல். அதற்குக் கீழே நாய்ஸ் கேட் (குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஒலியை அடைப்பது): திறப்பது -26, மூடுவது -30. இந்த எண்களை ரொம்ப இறக்கினால் கேட் மூடுவதே இல்லை. வாக்கியம் முடிந்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் கேட்டதால் ஹோல்ட் (மூடும் முன் காத்திருக்கும் நேரம்), ரிலீஸ் (மூடி முடிக்க எடுக்கும் நேரம்) இரண்டையும் நன்றாகக் குறைத்துவிட்டேன்.

இப்போது இரண்டு தொந்தரவு. பேசினால் விசிறியும் வருகிறது, நிறுத்தினால் சட்டென்று மயான அமைதி. காதுக்கு எரிச்சலாக இருக்கிறது. அதைவிட மோசம், 'வந்தது', 'எழுத்து', 'பாட்டு' எல்லாம் 'வந்தத்', 'எழுத்த்', 'பாட்ட்' என்று வெட்டுப்படுகின்றன. குற்றியலுகரம் பாடமே இப்படிப் பதிவாகியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அனுப்ப மனம் வரவில்லை. கேட்டுக்குப் பதில் எக்ஸ்பாண்டர் போடச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஒலிமேடை:
டீச்சர், எண் சொல்வதற்கு முன் இரண்டு அளவு வேண்டும். ஃபில்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். விசிறி ஓடட்டும், நீங்கள் பேசாமல் மீட்டரைப் பாருங்கள். அடுத்து 'வந்தது' என்று வழக்கம்போலச் சொல்லிப் பதிவு செய்து, அந்தக் கடைசி 'து'வில் வரும் உகரம் மட்டும் எவ்வளவு என்று ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் பாருங்கள்.

தமிழ் டீச்சர்:
விசிறி மட்டும் -50 பக்கம். கடைசி உகரம் சுமார் -43.

ஒலிமேடை:
சரி, இதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

முதல் கோளாறு வரிசையில். ஓபிஎஸ்ஸில் ஃபில்டர்கள் மேலிருந்து கீழாக வேலை செய்யும். கம்ப்ரஸர் -18க்கு மேலே போகும் குரலைத்தான் அமுக்கும். விசிறி அதற்கு எவ்வளவோ கீழே இருப்பதால் அதை அமுக்காது. ஆனால் 12 டெசிபல் கெயின் மட்டும் முழுசாகச் சேர்ந்துவிடும். -50இல் இருந்த விசிறி -38க்கு வந்துவிட்டது. அதனால்தான் கேட்டை அவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டியிருந்தது. உங்கள் உகரமும் -43இலிருந்து -31க்கு வருகிறது, கேட் மூடுவதோ -30இல். ஹோல்டும் குறைவாக இருப்பதால் உடனே வெட்டு.

அடுத்தது கேட்டின் குணம். அது த்ரெஷோல்ட் என்ற கோட்டுக்குக் கீழே வருவதை மொத்தமாக மூடிவிடும். எக்ஸ்பாண்டர் மூடாது, கோட்டிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ அதற்கேற்ப இறக்கும். 2:1 என்றால், 1 டெசிபல் கீழே இருப்பது 2 டெசிபல் கீழே போகும். எக்ஸ்பாண்டரைக் கம்ப்ரஸருக்கு மேலே கொண்டுபோய், த்ரெஷோல்ட் -40, ரேஷியோ 2:1 வையுங்கள். விசிறி கோட்டுக்கு 10 கீழே இருக்கிறது, அது 20 ஆகி -60க்குப் போகும். உகரம் 3 கீழே, அது 6 ஆகி -46. அதாவது விசிறிக்கு 10 டெசிபல் போகிறது, உகரத்துக்கு 3தான். அரை மாத்திரை எழுத்துக்கு இந்த 3 பெரிய நஷ்டமில்லை, காதில் விழும்.

இன்னும் சுத்தமாக வேண்டும் என்று 4:1க்குப் போக வேண்டாம். அப்போது உகரம் -52 ஆகிவிடும், திரும்பவும் 'வந்தத்'தான். அட்டாக் (ஒலி வந்ததும் திறக்க எடுக்கும் நேரம்) 10 மில்லிசெகண்டுக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் சொல்லின் முதல் க, த, ப மழுங்கும்.

டப்பிங் ரூம்:
மேலே சொன்ன கணக்கு சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்: நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது குரலோடு கலந்து வரும் விசிறியை எக்ஸ்பாண்டர் தொடவே தொடாது. இடைவெளியில்தான் அதன் வேலை. மைக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

தமிழ் டீச்சர்:
ஒரு அடி இருக்கும். எக்ஸ்பாண்டரை மேலே மாற்றினேன். 'து' திரும்ப வந்துவிட்டது, ரொம்ப நன்றி! செய்யுளை மெதுவாக வாசிக்கும்போது மட்டும் விசிறி இன்னும் தெரிகிறது.

டப்பிங் ரூம்:
அரை அடிக்குக் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். விசிறி இருக்கும் தூரம் பெரிதாக மாறாததால் அது அப்படியேதான் இருக்கும். மைக் கெயினை அந்த 6 குறைத்தால் குரல் பழைய அளவுக்கு வரும், விசிறி -56க்கு இறங்கும். இப்போது த்ரெஷோல்டை -46 வைக்கலாம். உகரம் -43, கோட்டுக்கு மேலேயே இருப்பதால் அதற்கு ஒரு சேதமும் இல்லை. விசிறியோ -66க்குப் போய்விடும். எந்த ஃபில்டரைவிடவும் இந்த அரை அடிக்குத்தான் என் ஓட்டு. வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள், 'ப' வெடிக்காது. கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தை அதிகம் எடுக்கும்) மைக் என்றால் அதன் பின்பக்கம்தான் சத்தத்தை மிகக் குறைவாக எடுக்கும். முடிந்தவரை அந்தப் பக்கம் விசிறியைப் பார்க்கட்டும்.

தமிழ் டீச்சர்:
அரை அடி, த்ரெஷோல்ட் -46 வைத்துச் செய்யுள் பதிவு செய்தேன். உகரம் முழுசாகக் கேட்கிறது, விசிறியைத் தேடித்தான் கேட்க வேண்டும். ஒரே சந்தேகம்: ரிலீஸ் 50 மில்லிசெகண்டில் இருக்கிறது. சீர்களுக்கு நடுவே பின்னணி லேசாக ஏறி இறங்குவதுபோல இருக்கிறது.

ஒலிமேடை:
50 மெதுவான வாசிப்புக்கு வேகம் அதிகம். ஒவ்வொரு சின்ன இடைவெளியிலும் இறங்கி இறங்கி ஏறுகிறது. 150இல் தொடங்கி, ஹெட்போன் போட்டுக் கேட்டபடி 200 வரை ஏற்றிப் பாருங்கள். வாக்கியத்தின் முடிவில் விசிறி தனியாகக் கேட்கத் தொடங்கினால் அதற்கு முந்தைய எண்ணுக்கு வந்துவிடுங்கள். டிடெக்‌ஷனை ஆர்எம்எஸ்ஸில் (சராசரி ஒலியளவைப் பார்க்கும் முறை) விடுங்கள். பீக்கில் (ஒலியின் உச்சத்தைப் பார்க்கும் முறை) வைத்தால் நாற்காலி கிறீச்சிடுவதற்கெல்லாம் திறந்துகொள்ளும்.