ஐரோப்பிய கிறிஸ்துமஸ் பாடல்கள்: எந்தப் பதிவைக் கேட்கலாம், எதைக் கவனிக்கலாம்?

'சைலன்ட் நைட்' பிடிக்கும்னா ஜெர்மன் மூலத்தைக் கேளுங்க. 'ஸ்டில்லே நாஹ்ட்'னு தேடுறப்போ 'கிட்டார்'னும் சேர்த்துக்கோங்க. 1818 டிசம்பர் 24, ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க் பக்கத்துல ஓபெர்ன்டோர்ஃப் சர்ச்ல முதல்முறை பாடினப்போ இருந்தது ரெண்டு ஆண் குரல், ஒரு கிட்டார், சரணத்தோட கடைசி வரிகளைத் திருப்பிப் பாட ஒரு குழு. அவ்வளவுதான். பாட்டு எழுதின யோசஃப் மோர் மேல்குரல் பாடி கிட்டாரும் வாசிச்சார், மெட்டுப் போட்ட க்ரூபர் கீழ்க்குரல். தாளம் 6/8. ஆர்கெஸ்ட்ரா பதிவுகள்ல வயலினை இழுத்து இழுத்து வாசிக்கிறதால அந்தத் தாலாட்டு நடையே போயிடுது. மூலத்துல ஆறு சரணம். இப்போ வழக்கமா பாடுறது 1, 6, 2 மட்டும்.

*

இத்தாலியோட கிறிஸ்துமஸ் மேய்ப்பர் இசையையும் சேர்த்துக்குங்க. தெற்கு, நடு இத்தாலி மேய்ப்பர்களோட தோல்பை வாத்தியம் 'ஸாம்போன்யா'. கைக்கு ஒண்ணா ரெண்டு குழல், கூடவே விடாம ஒலிக்கிற ஸ்ருதிக் குழல்கள், எல்லாம் ஒரே கட்டையில செருகியிருக்கும். மெட்டை இன்னொருத்தர் 'சாரமெல்லா'ங்கிற குழல்ல ஊதுவார். நாதஸ்வரமும் ஒத்தும் மாதிரி ஜோடி: அவர் மூச்சு வாங்க நிறுத்தினாலும் ஸ்ருதி நிக்காது. போன் ஸ்பீக்கர்ல அடிஸ்ருதி அமுங்கிடும், ஹெட்போன் அவசியம். கீபோர்டு சேர்த்த ரீமிக்ஸ் வேண்டாம். இந்த வாத்தியத்தோட ஸ்வரஸ்தானம் கீபோர்டோட ஒட்டாது, பிசிறும். கேட்டுப் பழகினதும் இசையமைப்பாளர் ஹேண்டலோட 'மெசையா'வுல வர்ற 'பீஃபா'வைப் போடுங்க. வாத்தியம் மட்டும் ஒலிக்கிற பகுதி, 12/8, அடியில அதே ஸ்ருதி. மேய்ப்பர் இசை எங்கே போய்ச் சேர்ந்ததுன்னு காதே சொல்லும்.

*

உக்ரைனின் 'ஷ்செட்ரிக்' பாட்டையும் விட்டுடாதீங்க! 'கேரல் ஆஃப் த பெல்ஸ்'னு எல்லாரும் கேட்டது இந்த மெட்டைத்தான். ஆனா மூலத்துல மணியும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. சிட்டுபோல ஒரு தகைவிலான் குருவி பறந்து வந்து, 'ஆட்டுக்குட்டி போட்டிருக்கு, வந்து பாரு'ன்னு வீட்டுக்காரரைக் கூப்பிடுற புத்தாண்டுப் பாட்டு. மணி வந்தது 1936ல பீட்டர் வில்ஹௌஸ்கி எழுதின ஆங்கில வரிகளோட.

இசையமைப்பாளர் லியோன்டோவிச்சின் கோரஸ் வடிவம் 1916ல கீவ்ல அரங்கேறுச்சு. க-ரி-க-ச, இந்த நாலு ஸ்வரம்தான் திரும்பத் திரும்ப வரும். அதை மட்டும் பிடிச்சுக்கிட்டா அலுத்துடும். ரெண்டாவது சுற்றுலேர்ந்து கீழ்க்குரல்கள் ஒவ்வொண்ணா நுழையறதைக் கேளுங்க, பாட்டோட உயிர் அங்கேதான். அதனால வாத்தியம் கலக்காத பதிவுதான் சரி.

*

நேரலைக்கு: கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனை டிசம்பர் 24, பிபிசி ரேடியோ 4, நமக்கு இரவு 8.30. தொடக்கப் பாட்டோட முதல் சரணத்தைத் துணையில்லாம ஒரே பையன் பாடுவான், முதல் நிமிஷத்தைத் தவறவிடாதீங்க. டிவியில வர்றது வேற நிகழ்ச்சி, முன்னாடியே பதிவு பண்ணினது. போலந்து 'கொலேன்டி' பாடல்களுக்கு அவசரமில்லை. அங்கே மரபுப்படி பிப்ரவரி 2 வரை பாடுவாங்க.