ஸ்டெர்ன்டிரைவ் ஸ்டியரிங் சீல்: உங்கள் படகில் என்ன நடந்தது?

நிலாவெளியிலிருந்து:

இரண்டு பருவங்கள் என்னை அலைக்கழித்த ஓர் ஒழுக்கைப் பற்றி எழுதுகிறேன். உங்களுக்கும் நேர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஆட்களை ஏற்றுகிறேன். எங்கள் திருகோணமலைக் கரையில் பெரும்பாலும் அவுட்போர்ட் படகுகள்தான். என்னுடையது ஸ்டெர்ன்டிரைவ்: இயந்திரம் உள்ளே, புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்சுவருக்கு வெளியே. கச்சான் காற்றுத் தொடங்கிய நாள்களில், காலையில் தளப்பலகையைத் தூக்கினால் இயந்திரத்துக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. எல்லோரும் பெலோஸை, அதாவது பின்சுவருக்கும் டிரைவுக்கும் இடையிலுள்ள மடிப்பு ரப்பர் குழலைத்தான் சந்தேகித்தார்கள். மாற்றினேன். மறுநாளும் அதே தண்ணீர்.

படகைக் கரையேற்றி, பின்சுவரின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்தி, குழந்தைப் பவுடரை அப்பினேன். வெளியே நின்ற பையனிடம் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடமாகக் குழாய்த் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். பெலோஸில் அடித்தபோதும் பவுடர் நனையவில்லை. மேலே, ஸ்டியரிங் தண்டு நுழையும் துளையில் அடித்தவுடன் ஒரே கோடாக ஈரம் இறங்கியது. டிரைவை இடம் வலம் திருப்பும் தண்டு அது. கடல் உள்ளே வராமல் அங்கே தடுப்பது ஒரு சிறிய ரப்பர் சீல் மட்டுமே.

என் படகில் அதை மாற்ற இயந்திரத்தைத் தூக்க வேண்டும். செயின் புளொக் கட்டித் தூக்கினோம். பருவத்தின் நடுவில் இரண்டு வாரம் ஓட்டமில்லை. புதிய சீல் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

பிறகுதான் திருக்கடலூரில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. டிரைவின் அடிப்பகுதியைப் பிடித்து இரு பக்கமும் ஆட்டினார். வெளியே அது இரண்டு விரல் அகலம் ஆடியது. உள்ளே ஸ்டியரிங் கை அசையவே இல்லை. “தம்பி, தண்டைத் தாங்கும் புஷ் வளையம் தேய்ந்து தண்டு ஆடுகிறது. எத்தனை சீல் போட்டாலும் ஒரு பக்கமாகத் தின்றுவிடும்” என்றார். கழற்றிப் பார்த்தபோது, சீல் உரசிய இடத்தில் தண்டைச் சுற்றி நகம் இடறும் அளவுக்குப் பள்ளம். முதல் தடவை இயந்திரத்தைத் தூக்கியபோதே அதைத் தடவிப் பார்க்காமல் விட்டது இன்றும் மனதை அறுக்கிறது. தண்டு, புஷ், சீல் மூன்றையும் சேர்த்து மாற்றினோம். ஒரு வாடைக்காலமும் ஒரு பருவமும் கடந்துவிட்டன. பவுடர் உலர்ந்தே இருக்கிறது.

சீனக்குடாவிலிருந்து:

அண்ணை, எனக்குக் கசிவு வந்தது வெளியே இருக்கும், எண்ணெய் அழுத்தத்தால் டிரைவைத் திருப்பும் ஹைட்ரோலிக் சிலிண்டரில். துறைமுக வாயிலில் திரும்பும்போது ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. எண்ணெய் முழுவதும் கடலில். அவசரத்துக்கு என்னுடன் வந்தவர் பிரேக் எண்ணெயை ஊற்றினார், நானும் தடுக்கவில்லை. பவர் ஸ்டியரிங் எண்ணெய்க்கான ரப்பர் அதைத் தாங்காது. கழற்றியபோது எல்லாச் சீல்களும் ஊறி, பிசைந்த மாவுபோல் இருந்தன. கசிந்தது ஒரு சீல், மாற்றியது முழுத் தொகுதி, ரியூப்கள் உட்பட.

ஆனால் முதல் கசிவுக்குக் காரணம் நீங்கள் சொன்னதுபோல் சீல் அல்ல, அது உரசும் இடம்தான். படகு மாதக்கணக்கில் அசையாமல் கட்டிக் கிடந்ததில் சிலிண்டரின் கம்பியில் சிப்பி பிடித்திருந்தது. அதை உளியால் சுரண்டியிருக்கிறார்கள். அந்தக் கீறல்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் சீலை அறுத்தது. இப்போது மரச்சில்லால் மட்டுமே சுரண்டுகிறேன். புதிய சீலை ஏற்றும்போது கம்பி முனையின் மரையில் டேப் சுற்றி, எண்ணெய் தடவி ஏற்றுகிறேன். மரை சீலின் விளிம்பைக் கிழித்தால் கண்ணுக்கே தெரியாது.

மூதூரிலிருந்து:

மாரியில் மகாவலி சேற்றைக் கொண்டுவந்து கொட்டியாரக் குடாவில் சேர்க்கிறது. அந்த மண் சீலுக்கும் தண்டுக்கும் நடுவே புகுந்து அரைக்கிறது என்பது என் அனுபவம். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உள்ள டிரைவ் என்றால், பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஒரு சந்தேகம்: கம்பனிச் சீல் கொழும்பிலிருந்து வரத் தாமதமாகிறது. பெயாரிங் கடையில் அளவு பார்த்து வாங்கலாமா?

நிலாவெளியிலிருந்து:

வாங்கலாம், ஆனால் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் பெரும்பாலும் சீலின் முகத்திலேயே இருக்கும். அதோடு விளிம்புக்குப் பின்னால் வளையமாக ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கிறதே, அதையும் பாருங்கள். விளிம்பைத் தண்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். சாதாரணச் சீலில் அது வெறும் இரும்பு, உப்பில் துருப்பிடித்து அறுந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங் உள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொழும்புச் சீல் வரும்வரை படகைக் கரையிலேயே வைத்திருங்கள். பொருத்தும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் தண்ணீர் வரும் திசையைப் பார்க்க வேண்டும்.