புதுப்பிப்பு: காயில்ஓவர் 'டக் டக்' சத்தம் நின்னுடுச்சு

காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேர்ந்த, உயரத்தை மாத்தக்கூடிய சஸ்பென்ஷன்) மாட்டி காரோட உயரத்தைக் குறைச்சதிலிருந்து முன்பக்கம் டக் டக்குன்னு சத்தம்னு முன்னாடி புலம்பியிருந்தேன். டேம்பர் (ஷாக் அப்சார்பர்) போச்சுன்னு பயந்தேன். இல்லை, என் தப்புதான்! உயரத்தைக் குறைக்க ஸ்பிரிங் சீட்டை (ஸ்பிரிங் உட்காரும் வளையம்) இறக்கியிருந்தேன். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து, திரும்ப உட்காரும்போது தட்டியிருக்கு. இந்த செட்டில் உயரத்தை மாத்த, டேம்பரோட அடியில் ஒரு பிராக்கெட் தனியாவே இருக்கு. சீட்டை ஸ்பிரிங் ஆடாத அளவுக்கு ஏற்றிட்டு, பிராக்கெட்டைத் திருகி உயரம் வச்சேன். ஆச்சு.

உயரம் மாறினதால் டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) நல்லாவே விலகியிருந்தது, அலைன்மென்ட் மறுபடி பண்ணியாச்சு. டேம்பிங்கை (டேம்பர் எவ்வளவு இறுக்கம்னு வைக்கிறது) முழு இறுக்கத்திலிருந்து திருகியோட கிளிக் எண்ணி இரு பக்கமும் ஒரே மாதிரி வச்சேன்.

லாக் ரிங் (வச்ச இடத்திலிருந்து நகராம பூட்டும் வளையம்) மரையில் ஏகப்பட்ட மண். நைலான் பிரஷ்ஷால தேய்ச்ச பிறகுதான் அசைஞ்சுது. இனி காரைக் கழுவும்போதெல்லாம் அங்கேயும் தண்ணி அடிக்கணும்.