வி-ஸ்ட்ரோம் 650: சீட்டுக்கு அடியில் கூடுதல் ஃபியூஸ் பாக்ஸ் வைக்க எங்கேதான் இடம்?

நைட்ஷிஃப்ட்காரன், பினாங்கு:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் நான். அரிசி மணியில் கால்வாசிகூட இல்லாத உருப்படிகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துச் சாலிடர் போடுகிற கை இது. அந்தக் கைக்குச் சொந்த மோட்டார் சைக்கிளில் ஒரு சோப்புப் பெட்டி அளவு இடம் கிடைக்கவில்லை. மூன்று வாரமாகச் சீட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறேன்.

மோட்டார் 2014 சுசுகி வி-ஸ்ட்ரோம் 650, இரண்டாம் கை. போன டிசம்பரில் கெரிக்கிலிருந்து ஜெலி போகும் மலைச்சாலையில் விடிவதற்கு முன்னால் பனிமூட்டம். அந்த ரோட்டில் யானை படம் போட்ட எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்களே, அப்படி ஒன்றைத் தாண்டினேன், ஸ்பாட் லைட் இரண்டும் போய்விட்டது. கூடவே போன் சார்ஜரும். ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர், லோபீமில் பத்தடி. யானையின் பின்னங்காலில் போய் முட்டிய பிறகுதான் தெரியும் என்கிற நிலைமை.

மேலே ஓய்விடத்தில் நிறுத்திச் சீட்டைத் திறந்தேன். பேட்டரியின் பாசிட்டிவ் போல்ட் ஒன்றில் ஐந்து வளைய டெர்மினல், தோசையை அடுக்கியது மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒரு ஃபியூஸ் ஹோல்டர். எல்லாவற்றையும் சுருட்டிப் பேட்டரி மேலேயே திணித்திருந்தார்கள். முன்னால் வைத்திருந்தவர் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் செய்ததாம். சீட்டின் அடிப்பக்கம் ஒரு ஹோல்டரை நசுக்கி நசுக்கி வயரின் தோலையே உரித்துவிட்டிருந்தது.

அதையெல்லாம் பிடுங்கிவிட்டு ஆறு வழி ஃபியூஸ் பாக்ஸ் ஒன்று வாங்கினேன். மூடியோடு 13 செ.மீ. நீளம், 8.5 அகலம், 4.5 உயரம். அதில் கொடுக்கப் போவது 20 வாட் ஸ்பாட் லைட் இரண்டு, யூஎஸ்பி சார்ஜர், டேஷ்கேம், கம்ப்ரஸர் வைத்த ஏர் ஹார்ன்.

நான் பார்த்த இடங்கள்: பேட்டரிக்கு மேலேயே, முன்பக்கக் கவுலுக்குள் (பிளாஸ்டிக் மூடிக்குள்), பின்னால் டூல்ஸ் வைக்கும் குழிக்குள். ஒவ்வொன்றிலும் ஏதோ இடிக்கிறது. போன வாரம் இரட்டைப் பக்க டேப் போட்டுக் குழியின் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். கார் பார்க்கில் ஒரு மத்தியானம் வெயிலில் நின்றது, டேப் இளகி பாக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் எங்கே வைத்தீர்கள்?

தேய்ந்த_டயர், கோலாலம்பூர்:

தம்பி, முதலில் அந்த ஏர் ஹார்னைக் கணக்கிலிருந்து எடு. கம்ப்ரஸர் ஹார்ன் அழுத்தும் நொடியில் 18 ஆம்பியர் போல இழுக்கும். அதற்குத் தனி ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன் செய்யும் சுவிட்ச்), தனி 20 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராக. மீதி என்ன? லைட் இரண்டும் சேர்த்து 40 வாட், மூன்று ஆம்பியர்தான். சார்ஜர் ஒன்றரை, கேமரா அரை. ஐந்து ஆம்பியருக்கு ஆறு வழி பாக்ஸ் எதற்கு? நான்கு வழி போதும், அது பாதி இடம்தான் பிடிக்கும். வாங்கியாகிவிட்டது என்றால் சரி, வைத்துக்கொள். எப்படியும் அடுத்த வருடம் இன்னும் ஏதாவது மாட்டத்தான் போகிறாய்.

பேட்டரிக்கு மேலே வேண்டாம். ஸ்பேனர் தவறி விழுந்தால் பொறி பறக்கும், பேட்டரி மாற்றும்போதெல்லாம் பாக்ஸையும் கழற்ற வேண்டும். கவுலுக்குள்ளும் வேண்டாம். மழை நேராக அடிக்கும், ஹாண்டில் திரும்பும்போது வயர் வளைந்து வளைந்து ஒருநாள் உள்ளே செம்பு அறுந்துவிடும், வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். பின்குழிதான் உனக்கு. அதிலும் இடது சுவர். வலப்பக்கம் சைலன்ஸர் போகிறது, சூடு.

வயர் நீளும் என்று பயப்படாதே. 2.5 சதுர மி.மீ. வயர் போடு. போகவர ஒன்றரை மீட்டர் என்றாலும் ஐந்து ஆம்பியருக்கு இழப்பு ஒரு வோல்ட்டில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் மெயின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு கையகலத் தூரத்துக்குள். பின்னால் கொண்டுபோய் வைத்தால் நடுவில் வயர் உரசினால் காப்பாற்ற ஆள் இல்லை. நீலக் கலர் 15 ஆம்பியர் போதும்.

இப்போது இடம். டேப் மெஷரால் அளந்தால் பொய் சொல்லும், ஏனென்றால் நீ உட்கார்ந்தால் சீட் அமுங்கும். வீட்டில் சப்பாத்தி மாவு பிசையும்போது கொஞ்சம் எடுத்துக்கொள். கோலிக்குண்டு அளவில் உருட்டி, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பாக்ஸின் நான்கு மூலையிலும் நடுவிலும் வை. சீட்டைப் பூட்டு. ஏறி உட்கார், இரண்டு தடவை குதி, பின்னால் யாரையாவது ஏற்றியும் பார். இறங்கி மாவின் தடிமனை அளந்தால் அதுதான் உண்மையான இடைவெளி. ஐந்து மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் வேறு இடம் பார். ரொட்டி சானாய் மாவு வேண்டாம், எண்ணெய் அதிகம், வழுக்கி ஓடிவிடும். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

டேப்பை மறந்துவிடு. மலிவுச் சாமான் கடையில் பிளாஸ்டிக் காய்கறிப் பலகை விற்கிறது. அதை ரம்பத்தால் வெட்டு, துளை போடு, பாக்ஸை அதில் திருகு. மின்சாரம் கடத்தாது, துருப்பிடிக்காது. பலகையை ஏற்கெனவே இருக்கும் போல்ட்டில் ரப்பர் வாஷர் வைத்து மாட்டு. பாக்ஸ் படுத்திருக்கக் கூடாது, சுவரோடு நிமிர்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் தேங்காது. டூல்ஸ் பையைத் தூக்கிப் பக்கப் பெட்டியில் போடு.

மலைக்காட்டு_ஜிஎஸ், ஷா ஆலம்:

எங்கள் பிஎம்டபிள்யூ ஆட்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்ய வேண்டாம். கேன் பஸ் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வயரிங்) இருக்கும் மோட்டாரில் ரிலேக்குச் சிக்னல் எடுக்கப் பின்விளக்கு வயரை வெட்டிக் கூடுதல் சுமை கொடுத்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். அதற்கென்று தனி மாட்யூல் இருக்கிறது, விலை அதிகம். சுசுகிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மழைக்கோட்டு, கிள்ளான்:

இடத்தைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். சாவி ஆனில் மட்டும் பாக்ஸுக்கு மின்சாரம் போக அதற்கும் ஒரு ரிலே வேண்டும், அதை ஆன் செய்யும் சிக்னலை எங்கிருந்து எடுக்கப் போகிறாய் தம்பி? எல்லாரும் பின்விளக்கு வயரைத்தான் காட்டுவார்கள், பக்கத்திலேயே இருக்கிறது என்று. நானும் அப்படித்தான் செய்தேன்.

வி-ஸ்ட்ரோம் சாவித் துளையில் லாக்கைத் தாண்டி "பி" என்று ஒரு நிலை உண்டு. சாவி கையோடு வந்துவிடும், பின்விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். நீ போன அதே கெரிக்-ஜெலி சாலையில் பந்திங் தீவில் ராத்திரி தங்கினோம். களைப்பில் ஒரு திருப்பு கூடுதலாகத் திருப்பிவிட்டேன் போல. விடிய விடியப் பின்விளக்கு எரிய, ரிலே ஆனிலேயே இருக்க, ஸ்பாட் லைட் சுவிட்ச் வேறு ஆனிலேயே இருந்திருக்கிறது. காலையில் சாவி போட்டால் டேஷ்போர்டில் ஒரு கோடுகூட வரவில்லை. ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி அந்த அளவுக்குச் செத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நடக்காது. லோரிக்காரர் ஒருவர் ஜம்பர் வயர் கொடுத்தார், புண்ணியவான்.

அதனால் பிரேக் லைட் சுவிட்சுக்கு வரும் மின்சார வயரிலிருந்து எடு. சுவிட்சுக்கு முன்னால் உள்ளது, பின்னால் உள்ளது அல்ல. சாவி ஆனில் இருந்தால்தான் அதில் 12 வோல்ட் வரும். வயரின் கலரைப் பார்த்து வெட்டாதே, மீட்டர் வைத்து சாவியை ஆன், ஆஃப், பி மூன்றிலும் போட்டுப் பார்த்துவிட்டு வெட்டு. ரிலே காயில் இழுப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு, அந்த வயர் தாங்கும்.

நைட்ஷிஃப்ட்காரன், பினாங்கு:

அண்ணே, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. செய்துவிட்டேன்.

மாவு வைத்தியம் அருமை. பேட்டரி மேல் வைத்துப் பார்த்தபோது மாவு அப்பளமாகிவிட்டது, இரண்டு மி.மீ.கூட இல்லை. முதல் ஹோல்டர் ஏன் நசுங்கியது என்று அப்போதுதான் புரிந்தது. இடது சுவரில் நிமிர்த்தி வைத்தால் மேலே 14 மி.மீ. இருக்கிறது, தங்கையைப் பின்னால் ஏற்றியும் 11. இத்தனைக்கும் அந்தச் சுவரை மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டூல்ஸ் பையை எடுத்தால்தான் சுவர் என்று ஒன்று இருப்பதே கண்ணில் படுகிறது.

பலகை பச்சைக் கலர்தான் கிடைத்தது. ரிலேயும் 15 ஆம்பியர் ஃபியூஸும் பேட்டரிப் பக்கம். ஹார்ன் தனியாக. சிக்னல் அக்கா சொன்ன இடத்திலிருந்து, "பி"யில் போட்டுப் பார்த்தேன், ரிலே சத்தமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. வேண்டுமென்றே இரண்டாவது பாலத்தில் ஏறி பத்து காவான் போய்த் திரும்பினேன். மோட்டாருக்கு டோல் இல்லாததில் இது ஒரு வசதி, சும்மா டெஸ்ட் செய்ய 24 கிலோமீட்டர் பாலம். வீட்டுக்கு வந்து சீட்டைத் திறந்தால் பாக்ஸுக்குள் காய்ந்திருந்தது. பாக்ஸுக்குள் நுழைவதற்கு முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றியிருந்தேன். அந்த வளைவின் அடியில் ஒரே ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது.

அம்மா மாவில் நான்கைந்து உருண்டை குறைந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். படம் நாளைக்குப் போடுகிறேன், இப்போது ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.